ஏங்க, நில்லுங்க

மெத்தை ஏற்றிய லாரிக்குக் கண் பட்டபோது அவள் நாற்காலியில் இல்லை. ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து திரைகளைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சுவரோரமாக ஒரு நடை போய்வராவிட்டால் உடம்புக்குள் என்னவோ ஊர்வதுபோல் இருக்கும். "உக்காருங்கம்மா, நீங்க நடக்குறதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். அவரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். தூரத்தில் லாரி தெரியும்போதே இது இடிக்கும், இது இடிக்காது என்று சொல்லிவிடுவார். பாதிக்குமேல் தப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் மனுஷர் அசரமாட்டார்.

கண் என்பது வேறொன்றும் இல்லை. நெடுஞ்சாலை மலைக்குள் நுழைகிற சுரங்கத்துக்குக் கொஞ்சதூரம் முன்னால், ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கம்பங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கோடு போகும். சுரங்கத்தின் கூரையில் தொங்குகிற ராட்சச மின்விசிறிகளுக்கு ஒரு முழம் கீழே அதன் உயரம். அதைவிட உயரமாகச் சரக்கு ஏற்றிய வண்டி வந்தால் சரக்கின் தலை கோட்டை வெட்டும். வெட்டியதும் அறையில் மணி அடிக்கும், ரோட்டில் சைரன் ஊதும், பலகையில் சிவப்பு எழுத்து மின்னும், சுரங்க வாசலில் சிக்னல் சிவப்பாகும், கம்பத்து ஒலிபெருக்கி பேசும். கருவிக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. இங்கே எல்லோருக்கும் அது கண். வண்டி மாட்டினால் கண் பட்டுவிட்டது. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்மா" என்று ஜோசியர் ஒவ்வொரு தடவையும் சொல்லி, தானே சிரித்துக்கொள்வார்.

இத்தனை இருந்தும் ஒருவனும் நிற்கமாட்டான், அதுதான் கொடுமை. சைரன் கேட்டால் ஆம்புலன்ஸ் என்று நினைத்து, வழிவிடுகிறேன் பேர்வழி என்று இன்னும் வேகமாக மிதிப்பான். பலகையைப் படிக்கிறவன் கிடையாது. தார்ப்பாய் கிழிந்து பறந்தாலும், லோடு மேல் காக்கை உட்கார்ந்திருந்தாலும் சிவப்பாகிற சிக்னலுக்கு என்ன மரியாதை இருக்கும்? ஒலிபெருக்கியில் எங்கேயோ காசு கொடுத்து வாங்கிய ஒரு குரல், "அதிக உயரம் கொண்ட வாகனங்கள் தயவுசெய்து நிறுத்தப்பட வேண்டும்" என்று தூக்கக் கலக்கத்தில் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே போய் விசிறியில் இடித்த ஒருவனை மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். "கேட்டுச்சு சார். வேற யாருக்கோ சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றான். பிய்ந்து விழுந்த விசிறி அவனுக்குப் பின்னால் வந்த காரை நசுக்கியிருந்தது. காரில் இருந்த தாயும் பிள்ளையும் உயிரோடு வந்தது யார் செய்த புண்ணியமோ.

மெத்தை லாரியும் நிற்கவில்லை. நுரைமெத்தையில் கனம் இல்லை என்பதால் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கும் இருக்காது. வானத்தைத் தொடுகிற மாதிரி அடுக்கி, போனால் போகிறதென்று மேலே இன்னும் இரண்டைக் கட்டியிருந்தார்கள். ரோட்டோரத்தில் ஒதுங்குமிடம் ஒன்று உண்டு. உயரமான வண்டி அங்கே திரும்பிப் பழைய மலைப்பாதையில் போய்விடலாம். லாரி அதையும் தாண்டுவதாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே ஒரு வேன், உள்ளே நிறைய ஆட்கள். அவள் டீயை எங்கே வைத்தாளோ தெரியாது, பிறகு அது ஜோசியரின் தொப்பிக்குள் இருந்தது. மைக்கின் பொத்தானை அழுத்தினாள். "வாகன ஓட்டிகளின் கவனத்திற்கு" என்று தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏங்க! ஏங்க, நில்லுங்க!"

அவள் என்ன செய்வாள்? பிறந்ததிலிருந்து இதுவரை ஓர் ஆண்பிள்ளையை நிறுத்துவதற்கு அவளிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். மெத்தை லாரி கிறீச்சிட்டு நின்றது. வேன் நின்றது. உயரத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு எண்ணெய் டேங்கர் நின்றது. எதிர்ப்பக்கச் சாலையில் இரண்டு கார்கள் நின்றன. மோட்டார் சைக்கிளில் போன ஒருத்தர் காலை ஊன்றி, பின்னால் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆனவன், ஆகாதவன், ஆகி ஓடிப்போனவன் எல்லோரும் நின்றார்கள். எதை மறந்துவிட்டு வந்தோம் என்பதுபோல் ஒரு டிரைவர் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பது திரையில் தெரிந்தது.

ஜோசியர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்து அறைக் கதவு திறந்து மேனேஜர் வந்தார், சிரிப்பு என்பதே தெரியாத மனிதர். வேலை போச்சு என்றுதான் அவள் நினைத்தாள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"தெரியாம வந்துருச்சு சார். இனிமே..."

"நானே எந்திரிச்சிட்டேன்மா" என்றார் அவர், மெதுவாக. "உள்ள ஃபைல் பாத்துட்டிருந்தேன். என்னைத்தான்னு எந்திரிச்சிட்டேன்."

மறுநாளே அந்த வார்த்தையைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுவிட வேண்டும் என்று அவர் துடித்தார். அவள், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றாள். வீட்டுக்காரரும் லாரி டிரைவர்தான். வாரத்தில் பாதி நாள் இந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் போவார், வருவார். அவள் போன் செய்தபோது அவர் எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே கூச்சல். "ஆபீஸ்ல என் குரலை ரெக்கார்டு பண்ணிப் போடணுமாம், பண்ணட்டுமாங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார். எந்த வார்த்தை என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கூச்சலில் எப்படிச் சொல்வது என்று அப்போது நினைத்துக்கொண்டாள். உண்மையில் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். பெண்டாட்டிக்கு உன் இஷ்டம் என்ற பதில் வந்தால், அதற்குப் பத்து அர்த்தம் இருக்கும், அதில் சம்மதம் பத்தாவதாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா?

பதிவு செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வரவே இல்லை. அதாவது வந்தது, ஆனால் செத்துப்போய் வந்தது. பக்கத்து வீட்டில் பால் பாக்கெட் வாங்கச் சொல்கிற மாதிரி ஒரு தடவை. மிரட்டுகிற மாதிரி ஒரு தடவை. "ஏங்க" என்றதும் சிரிப்பு வந்து ஒரு தடவை. பதிவுக் கருவியோடு வந்திருந்தவன் கொட்டாவி விட்டான். "நேத்து மாதிரி சொல்லுங்கம்மா" என்று மேனேஜர் கெஞ்சினார். நேற்று மாதிரி இன்றைக்கு எப்படிச் சொல்வது? அவள் எழுந்து சுவரோரம் ஒரு நடை நடந்தாள். பிறகு மைக் முன்னால் நின்றபடியே கண்ணை மூடி, வீட்டு மாடிப்படியை நினைத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தடதடவென்று இறங்கிப் போகிறார். போனோ, கண்ணாடியோ, சாப்பாட்டு டப்பாவோ, எதையாவது ஒன்றை மேஜைமேல் விட்டுவிட்டுத்தான் போவார். இன்னும் நாலு படி இறங்கினால் தெரு, அப்புறம் குரல் எட்டாது. அப்போது வந்தது அந்த "ஏங்க". கருவிக்காரன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினான்.

சும்மா சொல்லக்கூடாது, அது வேலை செய்தது. கண் பட்டதும், "ஏங்க! ஏங்க, நில்லுங்க! வண்டி உயரம், உள்ள போகாதீங்க!" என்று ரோடு முழுக்க அவள் குரல் ஓடும். லாரிகள் பெட்டிப்பாம்பாக ஓரங்கட்டின. அதற்கப்புறம் ஒரு விசிறிகூட இடிபடவில்லை. மேனேஜரின் மேலதிகாரி வந்து கேட்டுவிட்டு, தன் வீட்டுக்கு ஒரு போன் பேசிவிட்டுப் போனார். அவளுக்குக்கூடக் கொஞ்சம் பெருமைதான், இல்லாமல் என்ன. கூடை நிறையக் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் இத்தனை நாள் இருந்த பயம் குறைந்து, இரண்டொரு நாள் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் அவள் வேலைக்கு வந்ததும் ஜோசியர் வாயெல்லாம் பல்லாக எதிர்கொண்டார். "நேத்து சாயங்காலம் நீங்க போனப்புறம் உங்க வீட்டுக்காரர் வந்தாரும்மா, இந்தப் பக்கம்." அவர் வண்டியில் உயரச் சரக்கு ஒன்றும் இல்லையாம். முன்னால் போன வேறொரு லாரிக்குத்தான் கண் பட்டிருக்கிறது. குரல் கேட்டதும் இவர் நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாராம். லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாராம். "உங்களத் தேடுறாரும்மா! பின்னாடி அத்தன வண்டியும் ஹாரன் அடிக்குது, மனுஷன் ரோட்டோரப் பள்ளத்துலகூட எட்டிப் பாக்குறாரு!" ஜோசியருக்குச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து. அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். நேற்று ராத்திரி அவர் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்குச் சமையலறையிலிருந்து, "ஏங்க, சாப்பிட வாங்க" என்றாள். அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். கூடத்தில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். காது கேட்காத தூரம் இல்லை.

"ஏங்க, உங்களத்தான்."

"என்னையா?" அவர் தலையைத் தூக்கவில்லை. "நான் ஒண்ணும் அவ்வளவு உயரம் இல்லையே."

மகள் களுக்கென்று சிரித்தாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கல்லூரிக்குப் போகிற பெண், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து வீட்டில் தூது அவள்தான். "அப்பாவ சாப்பிடக் கூப்பிடு", "அப்பா கிட்ட சாவி இருக்கான்னு கேளு". ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் ஒலிபெருக்கியா?" என்று கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவர் சுரங்கத்தின் வழியே வருவதையும் விட்டுவிட்டார். பழைய மலைப்பாதையில் சுற்றிக்கொண்டு போனார். வளைவுமேல் வளைவு, பாதி நாள் வீண், டீசலுக்குக் கேடு. கேட்டால் அந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது என்று மகளிடம் சொன்னார். மலைப்பாதைக்குக் கூரை இல்லையே, அதனால் மற்ற டிரைவர்கள் வேண்டாம் என்று தள்ளுகிற உயரச் சரக்கெல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தது. அவரும் ஒன்றும் சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பாதையின் வளைவுகளில் உயரச் சரக்கு எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு விடுமுறை நாளில் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது பின்னாலேயே போனாள்.

"இப்ப நான் என்ன பண்ணிட்டேன்? நாலு உசுரு பொழைக்கட்டும்னுதானே குடுத்தேன். உங்ககிட்ட கேட்டுத்தானே குடுத்தேன்?"

அவர் ஒரு சட்டையை உதறினார். அதைக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரி செய்தார். அப்புறம் பேசினார், அவளைப் பார்க்காமல்.

"லாரி ஸ்டாண்டுல அத்தன பேரும் என்னைப் பாத்தா குரல மெலிசாக்கிட்டு 'ஏங்க'ங்கறான். அது போகட்டும், கேலிதானே. நானும் எத்தன பேரக் கேலி பண்ணியிருக்கேன். ஆனா, நீ எப்ப அப்படிக் கூப்பிடுவேன்னு எனக்குத் தெரியும். நான் படியில எறங்குறப்ப. எதையாவது விட்டுட்டுப் போறப்ப. ரோட்டுல கேட்டது அதேதான், துளி மாறல. நீ ஓடி வந்துட்டேன்னே நெனச்சேன். இருக்குமான்னு யோசிக்கக்கூட இல்ல, எறங்கித் தேடுனேன்." வாளியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைக் கொட்டினார். "இந்த உலகத்துல எனக்குன்னு தனியா என்ன இருக்கு? லாரி மொதலாளியோடது. வீடு வாடகை வீடு. அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதை எடுத்து ரோட்டுல போட்டுட்ட."

அவர் இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. அவர் கீழே இறங்கிப் போன பிறகு, ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று நன்றாக அழுதாள். அவர் சொன்னது சரி என்று பட்டது. தான் செய்ததும் தப்பில்லை என்று பட்டது. இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்தது எல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது.

மறுநாள் மேனேஜரிடம் போய், அந்தக் குரலை எடுத்துவிட வேண்டும் என்றாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

"எடுத்துடலாம்மா. உங்க குரல், நீங்க சொன்னா இன்னைக்கே எடுத்துடுறேன். பழைய குரலப் போட்டுடுறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசிறி நசுக்குன அந்தக் கார்ல இருந்த பொண்ணு இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருது. பையன் ராத்திரில கத்துறானாம். நான் அப்பப்ப போய்ப் பாத்துட்டு வர்றேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். சொல்லவில்லை. குரல் ஓடிக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் ஒவ்வொரு முறை கண் படும்போதும் வெளியே தன் குரல் தன் புருஷனை ஊருக்கெல்லாம் பங்கு வைப்பதை அவள் கேட்டாக வேண்டியிருந்தது. சுவரோர நடை மறுபடி தொடங்கியது. வீட்டில் அவரை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தேவையென்றால் கதவைத் தட்டுவாள். பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். ஒரு நாள் அவர் போனை மேஜைமேல் விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அவள் எடுத்துக்கொண்டு படிவரை ஓடினாள். வாயைத் திறந்தாள். தொண்டை வரைக்கும் வந்த சொல் அங்கேயே நின்றுவிட்டது. தெருவில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. கையில் போனோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் அவர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். வீட்டு மாடிகளில் வைப்பார்களே, அந்தக் கறுப்புத் தொட்டிகள். காலித் தொட்டிகளுக்குக் கனம் இல்லை, உயரம்தான். கூரையில்லாத பாதையிலேயே ஓட்டி ஓட்டி, தலைக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கே அவருக்கு விட்டுப்போயிருந்தது. அவள் வேலைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் காவல் துறையிலிருந்து போன். பழைய மலைப்பாதையில் பாறை சரிந்துவிட்டது, வண்டிகளையெல்லாம் நெடுஞ்சாலைக்குத் திருப்பி விடுகிறோம், பார்த்துக்கொள்ளுங்கள். யார்மேலும் விழவில்லையே என்று கேட்டாள். இல்லை என்றார்கள். அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார், அது நல்ல பழக்கம் என்று அவளே மெச்சியதுண்டு. மறுபடி போட்டாள். மறுபடியும் எடுக்கவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார் ஜோசியர்.

"உக்காரத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு நின்றாள்.

மலைப்பாதை வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கின. கண் பட்டது, பட்டது, பட்டுக்கொண்டே இருந்தது. ஏங்க, நில்லுங்க. ஏங்க, நில்லுங்க. வந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்குமிடத்துக்குள் போய் நிரம்பின. பாறையை அகற்றும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கறுப்புத் தொட்டிகள் தெரிந்தபோது ஜோசியர் வழக்கம்போல, "இது இடிக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் வண்டியை அடையாளம் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மணி அடித்தது. சைரன் ஊதியது. ஒலிபெருக்கியில் அவள் குரல், மாடிப்படியில் நின்று கூப்பிடுகிற அதே குரல், "ஏங்க! ஏங்க, நில்லுங்க!" என்றது. முன்னால் போன கார் தயங்கியது. பக்கத்தில் போன வேன் ஓரங்கட்டியது. தொட்டி லாரி மட்டும் கொஞ்சமும் வேகம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. கேட்கவில்லையா? கேட்காமல் என்ன, கேட்டிருக்கும். அது தனக்கில்லை என்று அவர் இத்தனை நாளாகப் பழகி வைத்திருந்தார். வீட்டில் எப்படித் திரும்பாமல் இருந்தாரோ, அப்படியே இங்கேயும் திரும்பாமல் போகிறார். உலகத்தில் எல்லா ஆண்பிள்ளைகளையும் நிறுத்துகிற சொல் அந்த ஒருத்தரை மட்டும் நிறுத்தாது என்பது அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

ஒதுங்குமிடத்தைத் தாண்டிவிட்டார். இனி இருப்பது சங்கிலித் தோரணம் ஒன்றுதான். ரோட்டுக்கு மேலே குறுக்காகப் போட்ட குழாயிலிருந்து தொங்கும் இரும்புச் சங்கிலிகள், கடைசியாகத் தலையில் தட்டிச் சொல்வதற்கு. அதைத் தாண்டினால் சுரங்க வாய். உள்ளே வண்டிகள் நிறைந்திருந்தன. முதல் விசிறி வாசலிலேயே தொங்கியது.

அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். அழுத்தினால் பதிவுக் குரல் நின்றுவிடும், அப்படித்தான் அமைப்பு. ரோடு சட்டென்று அமைதியானது. அந்த அமைதிக்குள் சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. ஏங்க என்று சொல்ல முடியாது. பாப்பா அப்பா என்றால் ரோட்டில் பாதிப் பேர் பாப்பா அப்பாக்கள். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு அதிலிருந்து அவர் பெயர் வந்தது.

பெயர் என்றால் சும்மா பெயர் இல்லை. ஆஸ்பத்திரி ஜன்னலிலும் வங்கியிலும் மகளின் பள்ளிக்கூடத்திலும், கணவர் பெயர் என்ன என்று கேட்டால் சொல்லுவாளே, அப்படி, இனிஷியலோடு, முழுசாக, ஒரு எழுத்து விடாமல். அந்த இடங்களைத் தவிர வேறு எங்கும் அவள் அதைச் சொன்னதில்லை, அவர் காதுபடச் சொன்னதே இல்லை. அது என்ன பெயர் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் வீட்டுச் சொல் ஒன்றை ஊர்ச்சொத்தாக்கியது போதும். ஒலிபெருக்கியில் அது ஒரு தடவைதான் கேட்டது, கூப்பாடாக அல்ல, அழுகை முட்டிய குரலில். கேட்டவர்கள் மறந்திருப்பார்கள்.

லாரியின் பின்சக்கரங்கள் புகைந்தன. வண்டி முழுசும் ஒரு குலுக்கு குலுக்கி, முன்வரிசைத் தொட்டிகள் சங்கிலிகளுக்குள் புக, நின்றது. காலித் தொட்டிகளில் சங்கிலி அடித்த அடி மூடிய ஜன்னலைத் தாண்டி அறைக்குள் வந்தது. டம் டம் என்று தேய்ந்து, அடங்கியது. டிரைவர் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கை மெதுவாக வெளியே வந்து மேலே உயர்ந்தது, வகுப்பில் வருகை எடுக்கும்போது உள்ளேன் ஐயா என்று தூக்குகிற மாதிரி.

"நின்னுட்டாரு" என்றார் ஜோசியர். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மேனேஜர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "பொத்தானை விட்டுடுங்கம்மா, போதும்" என்றார்.

அவள் விடவில்லை. விட்டால் பதிவுக் குரல் மறுபடி தொடங்கிவிடும், அவர் தலைக்கு மேலேயே, எல்லோருக்குமாக.

அவர் இறங்கினார். முதலில் தொட்டிகளைப் பார்த்தார், பிறகு சுரங்க வாயைப் பார்த்தார், பிறகு அங்கேயே கொஞ்சம் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்ததும் ரோட்டோரமாக நடந்து ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் கீழே வந்தார். அண்ணாந்து பார்த்தார். அவளுடைய மூச்சு அங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், மைக் திறந்துதானே இருக்கிறது. அதே கம்பத்தில் கொஞ்சம் மேலே கேமரா இருப்பதைக் கண்டுபிடித்தார். திரையில் அவர் முகம் அண்ணாந்தபடி நேராக அவளைப் பார்த்தது. மழைத்தூறல் நெற்றியில் விழுந்து வழிந்தது. அவர் ஏதோ சொன்னார்.

கேமராவுக்குக் காது கிடையாது. அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை நிதானமாக. வாய் அகலத் திறந்தது, உதடுகள் சேர்ந்தன, மறுபடி திறந்தன. அவள் பெயரைச் சொன்னாலும் உதடுகள் அப்படித்தான் சேரும்.

"என்ன சொல்றாரு?" என்றார் ஜோசியர், தாழ்ந்த குரலில்.

அவள் ஒரு கையால் பொத்தானை அழுத்தியபடியே திரையை நோக்கி எட்டிய மட்டும் குனிந்தாள். கீழே வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், அவள் தன் உதடுகளையும் அதேபோலத் திறந்து, சேர்த்து, மறுபடி திறந்து பார்த்தாள்.